வெளியில் நிற்கும் பெண்ணிடம் கேட்கவும்

ஒரே காலைப்பொழுதில் பதினேழு பேரைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்ட பெருமை எனக்கு உண்டு. நான் அந்தக் கல்லூரியின் முதல்வர் இல்லை, பேராசிரியர் இல்லை, அதற்கு முன் அந்த வாசலில் கால் வைத்தவள்கூட இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, அதே படிப்பில் இடம் கேட்டு, அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண விண்ணப்பதாரி. பதினெட்டாவதாகச் சேர்ந்திருக்க வேண்டியவள். சேரவில்லை. எப்படிச் சேராமல் போனேன் என்பதை எங்கள் வீட்டில் எல்லாரும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதிலும் அம்மா சொல்லும் கதையில் நான் நிஜத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் முட்டாளாக வருவேன். அதனால் என் பக்கத்தை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் மழையை நம்பிய நிலம், குவைத்தில் லாரி ஓட்டும் அப்பா. இவ்வளவுதான் குடும்ப விவரம். படிப்பைப் பற்றி அப்பாவுக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. அவருடைய கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை உண்டாம். உள்ளே ஏசி ஓடும். ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவான். அப்பா வெளியே வெயிலில் நின்று அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார். பதினோரு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு வீடியோ காலில் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கம்ப்யூட்டர் கெடைச்சா படி, ஆத்தா. இன்னும் மூணு வருஷம் நான் வண்டி ஓட்டுறேன். கெடைக்கலன்னா வேணாம். வேற எதையாச்சும் படிச்சுப்புட்டு நீயும் ஜன்னலுக்கு வெளியில நிக்கிறதுக்கு எதுக்குக் காலேசு?"

ஆக, கம்ப்யூட்டர் என்றால் கல்லூரி. இல்லை என்றால் தையல் வகுப்பு. தையல் வகுப்புக்குப் பிறகு என்ன என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விஷயம். அப்போதே இரண்டு வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் அது ஒரே வார்த்தையாக இல்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.எஸ்ஸி. ஐ.டி., கணக்கோடு கம்ப்யூட்டர், வணிகவியலோடு கம்ப்யூட்டர். (கொஞ்சம் விட்டிருந்தால் சமையலோடு கம்ப்யூட்டரும் வந்திருக்கும்.) வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரி புதுக்கோட்டையில் இருந்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, நடந்ததில் அதன் தப்பு எதுவும் இல்லை. அங்கே மூன்று இருந்தன: கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பிறகு 'கணிதம், கணினிப் பயன்பாட்டுடன்' என்று ஒன்று.

எது நல்லது என்று விசாரித்தேன். எங்கள் வேதியியல் சார், பி.எஸ்ஸி.க்குத்தான் கௌரவம் என்றார். சென்னையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், கம்பெனியில் யாரும் அதைக் கேட்கவே மாட்டார்கள், இங்கிலீஷ் பேசுவாயா என்றுதான் கேட்பார்கள் என்றான். (அதைவிடப் பயமுறுத்தும் பதில் எனக்கு வேறு இல்லை.) விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர் அண்ணன் மட்டும் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்தாம்மா. ஒண்ணுல சுவிட்ச்சு இங்கிட்டு இருக்கும், ஒண்ணுல அங்கிட்டு இருக்கும்." மூன்று பேரிலும் சரியாகச் சொன்னவர் அவர்தான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. படிப்பைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறாரே என்று அவர் மேல் வருத்தப்பட்டேன்.

பிறகு நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களில் சிவப்பு மையால் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ், வலது பக்கம் பி.சி.ஏ. இரண்டு பாடத்திட்டத்தையும் போனில் இறக்கி வரிக்கு வரி ஒப்பிட்டேன். முதல் செமஸ்டர், இரண்டிலும் சி. அடுத்தது, இரண்டிலும் சி பிளஸ் பிளஸ். அதற்கு அடுத்தது, இரண்டிலும் ஜாவா. ஒன்றில் கணக்கு கொஞ்சம் தூக்கல், இன்னொன்றில் கொஞ்சம் கம்மி. இதை ஒரு வரியில் எழுதி மூடி வைத்திருக்கலாம். நான் இருபத்திரண்டு வரி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் மார்க் போட்டேன். ஒரு பக்கம் முந்தினால் எனக்கு மனசு கேட்காது, இன்னொரு பக்கத்துக்குச் சாதகமாக ஒரு வரி கண்டுபிடித்துச் சேர்ப்பேன். இருபத்திரண்டாவது வரி, எந்தத் துறைக்குப் படி ஏறுவது குறைவு என்பது. முடிவில் பதினொன்றுக்குப் பதினொன்று என்று சமமாக வந்து நின்றது.

மூன்றாவது படிப்புக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி ஒரே வரி எழுதினேன்: 'கம்ப்யூட்டர் பெயரை வைத்துக்கொண்ட கணக்கு. தவிர்க்கவும்.'

சமமாக வந்ததில் எனக்குக் கவலை இல்லை. கவுன்சிலிங் மேஜைக்கு முன்னால் போய் நிற்கும்போது மனசு சொல்லிவிடும் என்று இருந்தேன். அம்மா பஸ்ஸில் வரும்போது, எதுவென்று முடிவு பண்ணிவிட்டாயா என்று கேட்டாள். அங்கே போய்ச் சொல்கிறேன் என்றேன், என்னமோ அரசாங்க ரகசியம் மாதிரி.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. எந்தப் படிப்பில் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே ஒருவர் சேர்ந்துவிட்டு வெளியே வந்ததும் அட்டெண்டர் தோள் துண்டால் பழைய எண்ணைத் துடைத்துப் புதிய எண்ணை எழுதுவார். என் ரேங்க் அறுபத்து மூன்று. காலையில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருபது, பி.சி.ஏ.வுக்கு இருபது. இயற்பியல், விலங்கியல் எடுக்க வந்தவர்களைக் கழித்துப் பார்த்தால் எனக்கு இடம் நிச்சயம்.

தொடங்கி வைத்தது அம்மாதான். (இதை அவள் கதையில் சொல்ல மாட்டாள்.) பக்கத்து நாற்காலி அம்மா ஒருவர், கம்ப்யூட்டருக்கும் பி.சி.ஏ.வுக்கும் என்னங்க வித்தியாசம் என்று பொதுவாகக் கேட்டார். எங்கள் அம்மா, "எம் பொண்ணு நோட்டே போட்டு வச்சிருக்கா" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்ட பிறகு நோட்டை எடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் என்னைச் சுற்றி நாற்காலிகள் வட்டமாகிவிட்டன. நான் ஆஸ்பத்திரி டாக்டர் தோரணையில் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: கணக்கு வருமா? வரும் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், வராது என்றால் பி.சி.ஏ. சுமாராக வரும் என்பவர்களை ஒருவர் அங்கே, அடுத்தவர் இங்கே என்று பிரித்து அனுப்பினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாதே. இயற்பியல் எடுக்க வந்த பையனை மனம் மாற்றினேன். விலங்கியலில் உறுதியாக இருந்த ஒரு பெண்ணைக்கூட மாற்றினேன், டாக்டருக்கு அடுத்த படி அதுதான் என்று நினைத்து வந்திருந்தாள். யாராவது 'கணிதம், கணினிப் பயன்பாட்டுடன்' என்று வாயைத் திறந்தால் நோட்டில் தனிப் பக்கத்தைத் திருப்பி அந்த ஒரு வரியைக் காட்டுவேன். அவர்கள் கரண்டு கம்பியைத் தொட்டது மாதிரி விலகிப் போவார்கள். ஒருவர் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு முறை அட்டெண்டர் துண்டால் துடைக்கும்போதும் நான் பலகையைத் திரும்பிப் பார்ப்பேன். பதினான்கு, பதினைந்து. ஒன்பது, பத்து. எண் குறையக் குறைய என் பேச்சுக்குக் கிடைத்த மார்க்காகவே அதை எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஒன்று என்னுடையது என்பது சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது. எல்லாரும் அதையே எடுத்தால் உனக்கு இருக்குமாடி என்று காதோடு கேட்டாள். அதெல்லாம் இருக்கும், சும்மா இரு என்று அதட்டினேன். அதட்டிய கையோடு அடுத்தவரைப் பார்த்து, கணக்கு வருமா என்று கேட்டேன்.

அந்தக் கூட்டத்தில் மணமேல்குடியிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். கடல் தொழில் செய்கிறவர். மகள் பெயர் நிவேதா, ரேங்க் அறுபத்தைந்து. அவர்கள் தெருவிலேயே கல்லூரி வாசலுக்கு வந்த முதல் பெண் அவள் என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் அவர் பாதி நேரம் ஜெராக்ஸ் கடைக்கும் கல்லூரிக்குமாக ஓடிக்கொண்டிருந்ததால் என் சொற்பொழிவு எதையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. நிவேதா கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எல்லாரையும் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்து மூன்று என்று அட்டெண்டர் கூப்பிட்டார். பெற்றோரில் ஒருவர் கூட வரலாம். அம்மா எழுந்திருக்கவில்லை. ஊருக்கே சொல்லும் உனக்கு நான் எதற்கு, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒன்று, பி.சி.ஏ.வில் ஒன்று இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் மனசு சொல்ல வேண்டும். அதை நம்பித்தானே வந்தேன். மனசு வாயே திறக்கவில்லை. பதினொன்று, பதினொன்று என்று மட்டும் கண்ணுக்குள் ஓடியது. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

"சார், இதுல எது சார் நல்லது?"

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "அதையாம்மா எங்ககிட்ட கேக்குற? காலையிலேருந்து யாரும் எங்ககிட்ட எதுவும் கேக்கலையே. வெளியில ஒரு பொண்ணு நோட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காம். எல்லாப் பிள்ளையளும் அதுகிட்டக் கேட்டுட்டுத்தான் வருது, தெளிவா வருது. நீயும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒடனே வா. அதுக்குள்ள அடுத்த ஆளப் பாக்குறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெண்ணின் மேல் அவருக்கு நிஜமாகவே மரியாதை இருந்தது. சார், அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, அப்புறம் உனக்கு என்னம்மா குழப்பம் என்று கேட்பார். ஆகவே, "சரிங்க சார்" என்றேன். என்னிடமே ஒரு வார்த்தை கேட்டு வருவதற்காக வெளியே வந்தேன்.

"என்னடி, முடிஞ்சிருச்சா?" என்றாள் அம்மா.

"இல்ல. ஒருத்தங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"யாருகிட்ட?"

"வெளியில நோட்டோட ஒக்காந்திருக்க பொண்ணுகிட்ட."

அம்மா ஒருமுறை வராந்தாவைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் தன் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்பக் கேளு" என்று நோட்டை நீட்டினாள்.

வாங்கிப் பிரித்தேன். பதினொன்று, பதினொன்று. அதற்குள் அறுபத்து நான்கு உள்ளே போய்விட்டான். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய பையன், காலையிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நான் எழுதிக் கொடுத்த கேஸ். நான் பக்கங்களை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன், ஏதோ நான் எழுதாத ஒன்று அதில் இருந்துவிடும் என்பது போல. அந்த நேரம் பார்த்து மணமேல்குடிக்காரர் ஜெராக்ஸோடு மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஆத்தா, அடுத்தது எங்க நம்பரு. எம் பொண்ணுக்கு எதுல போடலாம்? கணக்குன்னா அது ஒரு மாதிரி முழிக்கும்."

"பி.சி.ஏ.தாங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க, போயி எடுங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேனா என்பதே சந்தேகம்.

ஹெட்போன் பையன் வெளியே வந்தான். மணமேல்குடிக்காரரும் நிவேதாவும் உள்ளே போனார்கள். அட்டெண்டர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரே இருந்த ஒன்றைத் துடைத்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. தொல்லை விட்டது. ஒன்று போய்விட்டது, இனிமேல் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. மிச்சமிருப்பது பி.சி.ஏ., ஒரே இடம், அதுதான் எனக்கு. அம்மா, முடிவு பண்ணிட்டேன், பி.சி.ஏ. என்று நோட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

எழுந்து நான்கு எட்டு வைத்த பிறகுதான், உள்ளே யார் போயிருக்கிறார்கள், என்ன சொல்லி அனுப்பினேன் என்பது உறைத்தது.

ஓடினேன். அட்டெண்டர் கையைக் குறுக்கே நீட்டி, உள்ளே ஆள் இருக்கிறார்கள், இரும்மா என்றார். கதவு பாதி திறந்திருந்தது. அந்த அரை நிமிஷத்தில் நான் வேண்டிக்கொண்டதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பெண் பயத்தில் மறந்துபோய் வேறு எதையாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பாதான் கடற்கரையில் ஆள் கூப்பிடும் குரலில் சொன்னார்: "வெளியில இருக்க பொண்ணு பி.சி.ஏ.ன்னு சொல்லுச்சுங்க."

நிவேதா வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். அவள் அப்பா என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். என் அப்பா வயசு அவருக்கு. எனக்கும் அழுகை வந்தது. அது என்ன அழுகை என்று அவர் கேட்கவில்லை, தன் பெண்ணுக்காக நான் அழுவதாக நினைத்துக்கொண்டார் என்று பின்னால் அம்மா சொன்னாள். போகும்போது அம்மாவின் போன் நம்பரை வாங்கி, மகளின் ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டு போனார்.

நான் மறுபடியும் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"கேட்டியாம்மா? என்ன சொன்னுச்சு அந்தப் பொண்ணு?"

"பி.சி.ஏ.ன்னு சொன்னாங்க சார்."

"முடிஞ்சுபோச்சேம்மா" என்றார். அவருக்கே வருத்தமாகப் போய்விட்டது. பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போய், கணிதம் இருக்கிறது, கணினிப் பயன்பாட்டுடன், இருபத்து நான்கு இடமும் அப்படியே கிடக்கிறது, காலையிலிருந்து ஒரு பிள்ளைகூட அதைத் தொடவில்லை, ஏன் என்று எங்களுக்கே புரியவில்லை என்றார். எனக்குப் புரிந்தது.

அப்பாவிடம் கேட்காமல் சேர முடியாது. வராந்தா ஓரமாக நின்று அவருக்குப் போன் போட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார். எடுத்ததும் முதல் கேள்வி, கம்ப்யூட்டர் கிடைத்ததா என்பதுதான். அப்பா, கணக்குதான் இருக்கு, அதில் பேருக்குத்தான் கம்ப்யூட்டர் என்று உண்மையைச் சொன்னால் விஷயம் அன்றோடு முடிந்தது. கந்தர்வக்கோட்டையில் தையல் மிஷின் எனக்காகக் காத்திருந்தது, இரண்டு ஜாதகமும் காத்திருந்தன. நான் 'அப்பா' என்பதற்கு மேல் போக முடியாமல் நிற்க, அம்மா போனைப் பிடுங்கினாள்.

"கெடைச்சிருச்சுங்க. கம்ப்யூட்டரு இருக்கு. அதோட கணக்கும் சேத்துத் தாராங்களாம்."

"ரெண்டுமா?" என்றார் அப்பா. "அப்ப எதுக்கு நின்னுக்கிட்டு இருக்கீய, ஒடனே சேத்துவிடு."

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்திரண்டு வரி எழுதியும் எனக்குக் கைகூடாததை ஒரே வரியில் முடித்துவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "போ, போயி கையெழுத்துப் போடு. வழியில யாருகிட்டயும் பேசாத" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி தூரம் அவள் என்னைத் திட்டவில்லை, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்திரித் தோப்புகள் வர ஆரம்பித்தபோது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "யாருகிட்டடி கேக்கச் சொன்னாரு?" என்று கேட்பாள், நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும் சிரிப்பாள். எனக்கும் கடைசியில் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால்.

மூன்று வருஷம் கணக்குப் படித்தேன். அதில் கம்ப்யூட்டர் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகும். மோசம் என்று சொல்ல மாட்டேன். இப்போது ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே கம்ப்யூட்டர் லேபில் மட்டும் ஏசி உண்டு, மார்க் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் மாதத்தில் சில நாள் நான் அங்கே உட்காருவேன். குவைத்தை விட்டு ஒரேயடியாக வந்த பிறகு அப்பா ஒரு நாள் என்னை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்தார். லேபின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இங்கிருந்து பார்த்தால்தான் நல்லா இருக்கு என்றார்.

கதை முழுதும் அப்பாவுக்குத் தெரியும். அவர் ஊருக்கு வந்த முதல் வாரமே அம்மா சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் யார் எதற்குத் திணறினாலும் ஒரே தீர்ப்புதான். ஜவுளிக்கடையில் அப்பா இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால், வெளியில் ஒரு பெண் நிற்கும், அதனிடம் கேட்டுவிட்டு வாங்க என்பாள் அம்மா. அவரும் மறு பேச்சு இல்லாமல் சட்டைகளை வைத்துவிட்டு, கடை வாசலில் போய்ச் சும்மா ஒரு நிமிஷம் நின்று, நீலம் என்று முடிவோடு திரும்பி வருவார். கடைக்காரப் பையன் வாசலை எட்டிப் பார்ப்பான். (என் கல்யாணத்துக்கு இரண்டு வரன் ஒன்றாக வந்தபோது என்னையும் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். போய் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். முடிவு நன்றாகத்தான் இருக்கிறது.)

இன்னொன்று கருவாடு. நிவேதாவின் அப்பா நன்றி மறக்காத மனிதர். கல்லூரி திறந்த முதல் வாரமே நிவேதா என் வகுப்பைத் தேடி வந்து, எங்கப்பா ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்கக்கா என்று ஒரு பொட்டலம் நீட்டினாள். நெத்திலிக் கருவாடு. அந்த முதல் வருஷம் நான் அதை வாயில் வைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற பொறாமை இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அம்மா அதைப் பொரித்துத் தட்டில் வைத்து, "வாடி, ஒன் பி.சி.ஏ. பொரிஞ்சிருச்சு" என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக்கு பி.சி.ஏ. என்று பெயர். இரண்டாம் வருஷம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. படிப்பு முடிந்து நிவேதா சென்னைக்கு வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஆனி மாசம் பஸ்ஸில் யார் கையிலாவது ஒரு பி.சி.ஏ. வந்துவிடும்.

இந்த வருஷம் அவரே போன் செய்தார். இளைய மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இப்போது ஏ.ஐ. என்கிறார்கள், டேட்டா என்கிறார்கள், எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது, எதில் போடலாம் சொல்லு ஆத்தா என்றார். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும் என்று கேட்டேன். கணக்கில் புலி என்றார்.

"அப்ப கணிதம் எடுக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டரோட."

"அது நல்லதா, ஆத்தா?"

"நான் அதாங்க படிச்சேன்."

"நீ பி.சி.ஏ.ன்னுல்ல இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எம் பொண்ணும் ஒண்ணும் சொல்லலையே."

"இல்லைங்க. நான் திரும்ப உள்ள போறதுக்குள்ள தீந்துபோச்சு."

அன்னைக்கு ஒன் நம்பரு என்ன ஆத்தா என்று கேட்டார். அறுபத்து மூன்று என்றேன். எங்களுக்கு அறுபத்தஞ்சு என்றார். பிறகு சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று அன்று முழுதும் எனக்கு மனசு சரியில்லை.

மறு வாரம் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்றைக்கு மணமேல்குடியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. வழக்கமான பொட்டலம் இல்லை, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சணலை அறுத்து, பனை ஓலையை விலக்கினாள். முழு வஞ்சிரம், தலை முதல் வால் வரை கீறி உப்புப் போட்டுக் காயவைத்தது, என் கை நீளத்துக்குக் கிடந்தது. நெத்திலியா என்று அப்பா தெரியாத மாதிரி கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அம்மா. "இது எம்.சி.ஏ."